தாத்தாவின் பெட்டியில் மூன்று வகைத் தட்டுகள்: முதல் ரெக்கார்டு பிளேயர் எது?

கடிதத்தின் சுருக்கம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆயாவின் கட்டிலுக்கடியிலிருந்து தாத்தாவின் மரப்பெட்டி ஒன்று வெளியே வந்திருக்கிறது. குடும்பத்தை டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்து சாட்ஸ்வர்த்துக்கு மாற்றியபோது பாத்திரம் பண்டங்களோடு லாரியில் வந்த பெட்டி. உள்ளே அறுபதுக்கும் மேல் இசைத்தட்டுகள். சில சின்னவை, சில பெரியவை. பாதிக்கு மேல் கனமான கறுப்புத் தட்டுகள். அவற்றில் ஒன்றில் மயிரிழை விரிசல். புரட்டாசி முடிந்த அடுத்த வாரம் ஆயாவுக்கு எண்பது நிறைகிறது. அன்று வீட்டில் இந்தப் பாட்டுகள் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. கூடவே தானும் புதுத் தட்டுகள் வாங்கிச் சேர்க்கப் போகிறார். கையில் 9,000 ராண்ட் இருக்கிறது.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்களாம். அண்ணன், மாலில் விற்கும் சூட்கேஸ் பிளேயர் போதும், "மூணு ஸ்பீடும் இருக்கு, 78ம் ஓடும்" என்கிறார். மாமா, கராஜில் கிடக்கும் 1960களின் ரேடியோகிராமை (ரேடியோவும் பிளேயரும் சேர்ந்த மரப்பெட்டி) தருகிறேன், பிளக்கைச் சொருகினால் பாடும் என்கிறார். அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து வரும் அத்தை மகள், அங்கே மலிவு, ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். வாசகி தாமே விசாரித்ததில், மோட்டார் ரப்பர் பெல்ட் வழியே தட்டைச் சுழற்றும் பெல்ட் வகைதான் உயர்ந்தது, 180 கிராம் தட்டுதான் தரமானது என்று தெரிந்துகொண்டாராம். அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் வீட்டில் உண்டு. விரிசல் விட்ட தட்டை சூப்பர் குளூ போட்டு ஒட்டலாமா என்பது கடைசிக் கேள்வி.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

எல்லோரும் எந்திரத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். பெட்டிக்குள் என்ன தட்டு இருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எந்திரத்தை முடிவு செய்வது அந்தப் பெட்டிதான். கடைப்பக்கம் போகுமுன் ஒரு சாயங்காலம் பாய் விரித்து உட்கார்ந்து தட்டுகளைப் பிரித்து வையுங்கள்.

பத்து அங்குல அகலம், கையில் எடுத்தால் பீங்கான் தட்டுபோல் கனம், விரல் நகத்தால் ஓரத்தைத் தட்டினால் 'டிக்' என்று கெட்டியான சத்தம், பக்கத்துக்கு ஒரே பாட்டு, சுமார் மூன்று நிமிடம்: இவை நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் தட்டுகள். அரக்கும் கல் பொடியும் கலந்து செய்தவை. கீழே போட்டால் உடையும், வளையாது. பன்னிரண்டு அங்குலம், லேசாக வளைந்து கொடுக்கும், பக்கத்துக்கு இருபது நிமிடம் ஓடும் என்றால் அது 1948இல் அறிமுகமான எல்பி, வினைல். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஏழு அங்குலத் தட்டுகள் பெரும்பாலும் 45 சுற்று. சினிமாப் பாட்டு நான்கு சேர்ந்த ஈபி தட்டுகள் இந்த அளவில்தான் வந்தன. அளவை மட்டும் நம்பிவிடாதீர்கள், நடுவில் ஒட்டிய லேபிளில் வேகம் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பத்து அங்குலத்தில் வினைல் எல்பியும் உண்டு, ஏழு அங்குலத்தில் 33⅓ சுற்றுத் தட்டும் உண்டு.

இன்னொன்று. இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தையே துண்டித்துக்கொண்ட நாடு. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்த் தட்டு டர்பனில் ஒரு தொழிலாளியின் வீட்டுக்கு வந்து சேர்வது சாதாரண விஷயமில்லை. லேபிளில் தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் பெயரோடு உள்ளூர்ப் பாடகரின் தட்டு ஏதாவது கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள். அதற்கு மறுபதிப்பு எங்கும் இல்லாமல் இருக்கலாம்.

78 என்று பொத்தான் இருந்தால் போதாது

அண்ணன் சொன்னதில் பாதி சரி. பல சூட்கேஸ் பிளேயர்களில் 33, 45, 78 என்று மூன்று வேகமும் இருக்கும். மோட்டார் 78 சுற்றும். ஆனால் பாட்டை எடுப்பது மோட்டார் அல்ல, முள்.

எல்பியின் பள்ளம் மெல்லியது. அதில் ஓடும் முள்ளின் நுனி ஆரம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு அளவு, சரியாகச் சொன்னால் 0.018 முதல் 0.025 மில்லிமீட்டர். 78 தட்டின் பள்ளம் அதைவிட மும்மடங்கு அகலம். அதற்கு வேண்டியது சுமார் 0.076 மில்லிமீட்டர் முள். எல்பி முள்ளை 78 பள்ளத்தில் இறக்கினால் அது இரு சுவரையும் தொடாமல் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பாட்டு பதிந்திருப்பது சுவர்களில். அடியில் இருப்பது ஐம்பது அறுபது வருட அழுக்கு. மழை பெய்வதுபோல் சலசலப்பு கேட்கும், பாட்டு எங்கோ பின்னால் நிற்கும். 'தட்டு கெட்டுப்போச்சு' என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. தட்டு கெடவில்லை, முள்தான் தப்பு. 78 தட்டில் கல் பொடியைக் கலந்ததே, அந்தக் கால இரும்பு முள்ளைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருந்த வைக்கத்தான். பக்கத்துக்கு ஒரு முள் என்று மாற்றினார்கள். அந்தப் பொடி உங்கள் மெல்லிய எல்பி முள்ளையும் விடாது. தலைகீழாகச் செய்தால் இன்னும் மோசம்: 78 முள்ளை எல்பியில் வைத்தால் பள்ளத்தின் மேல்விளிம்பே சிதையும்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வேண்டியது மூன்று வேகமும், எளிதில் கழற்றி மாட்டும் இரண்டு முள்ளும். இந்த ஒரு தேவையே கடையில் இருக்கும் பாதிப் பெட்டிகளைத் தள்ளிவிடும்.

சூட்கேஸ், ரேடியோகிராம், அமெரிக்கா

சூட்கேஸ் பிளேயர் ஒரே நாளில் தட்டை நாசமாக்கிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அவ்வளவு இல்லை. குறை வேறிடத்தில். முள்ளைத் தாங்கும் அதன் கை பிளாஸ்டிக், பின்னால் எடை கிடையாது, அதனால் முள்ளின் அழுத்தத்தை உங்களால் மாற்ற முடியாது. பெரும்பாலும் நான்கைந்து கிராம் அழுத்தும். நல்ல கார்ட்ரிட்ஜுக்கு (கையின் நுனியில் முள்ளைப் பிடித்து அதன் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டி) இரண்டு கிராம் போதும். பலவற்றில் முள் வைரமல்ல, செயற்கை நீலக்கல். சில பத்து மணி நேரத்தில் தேய்ந்துவிடும், தேய்ந்தது உங்களுக்குத் தெரியாது, தட்டுக்குத் தெரியும். ஸ்பீக்கரும் அதே பெட்டியில் இருப்பதால் சத்தம் கூட்டினால் முள்ளே நடுங்கும். இந்த வகைக்கும் 78 முள் தனியாகக் கிடைக்கும்தான், ஆனால் மாற்றக் கிடைக்காத தட்டுகளை அந்தக் கையிடம் ஒப்படைக்க நான் சொல்லமாட்டேன்.

மாமாவின் ரேடியோகிராமைத் தயவுசெய்து பிளக்கில் சொருகாதீர்கள். வால்வு வைத்த பெட்டியானால் உள்ளே சில நூறு வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கண்டென்சர்களில், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் பாகங்களில், தங்கியிருக்கும். வருடக்கணக்கில் சும்மா கிடந்த காகிதக் கண்டென்சர் கசிய ஆரம்பித்திருக்கும். ஒரேயடியாக 230 வோல்ட் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் எரியலாம். தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் கல்லாகியிருக்கும். ஒன்றை மட்டும் திறந்து பாருங்கள்: கையின் நுனியில் சின்னத் திருகுவிசை இருந்து, ஒரு பக்கம் 78 என்றும் மறுபக்கம் எல்பி என்றும் குறி இருந்தால், அந்தக் காலத்தவர் இரண்டு முள் விஷயத்தை எவ்வளவு அழகாகத் தீர்த்தார்கள் என்பது புரியும். முள்ளைப் புரட்டிப் போட்டால் போதும். வால்வு வேலை தெரிந்தவரிடம் நிதானமாகக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டிய பெட்டி அது. பிறந்தநாளுக்குள் ஆகாது. அதுவரை மூடியை மூடி, அதன் மேல் புது டர்ன்டேபிளை, அதாவது புது பிளேயரை, வைத்துக்கொள்ளலாம். அந்தக் கனத்துக்கு அதைவிட நல்ல மேசை கிடைக்காது.

அத்தை மகளிடம் எந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230, 50. அடாப்டரில் '100-240' என்று இருந்தால் பிரச்சினை இல்லை. '120' மட்டும் இருந்து, ஏசி மோட்டாராகவும் இருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 33⅓ சுற்றவேண்டிய தட்டு 27.8 சுற்றும், பாடகி ஆண்குரலில் இழுத்து இழுத்துப் பாடுவார். வாரண்டியும் பெரும்பாலும் இங்கே செல்லாது. அவர் கொண்டுவர ஏற்றது 78 முள். தீப்பெட்டி அளவுதான், மின்சாரமும் வேண்டாம். எந்த கார்ட்ரிட்ஜ் என்று முடிவானதும் அதற்குரிய முள்ளை அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

என்ன வாங்கலாம்

கடையில் நான்கு விஷயம் கேளுங்கள். 78 வேகம் உண்டா? கையின் பின்னால் திருகி நகர்த்தும் எடை உண்டா? கார்ட்ரிட்ஜ் வழக்கமான இரு திருகு வகையா? அதே கார்ட்ரிட்ஜுக்கு 78 முள் தனியாக விற்கிறார்களா? நான்குக்கும் ஆமாம் என்றால் பெயர் எதுவானாலும் யோசிக்கலாம்.

உதாரணத்துக்கு ஆடியோ-டெக்னிக்கா எல்பி120எக்ஸ் யூஎஸ்பி. மூன்று வேகமும் உண்டு, பெல்ட் இல்லாமல் தட்டை நேரே சுழற்றும் நேரடி மோட்டார், ஏடி-விஎம்95ஈ கார்ட்ரிட்ஜோடு வருகிறது. விஎம்95 வரிசையில் எந்த முள்ளையும் அதே உடலில் மாட்டலாம். எஸ்பி என்று முடிவது 78க்கான முள். மாற்ற ஐந்து விநாடி. யூஎஸ்பி வழியே கணினியில் பதிவும் செய்யலாம், அது உங்களுக்கு ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன். புரோ-ஜெக்ட் டெபூ கார்பன் ஈவோவும் நல்ல எந்திரம், அதில் 78க்கு பெல்ட்டை மாற்ற வேண்டும். ரேகா பிளானர் 1, ஆடியோ-டெக்னிக்கா எல்பி60எக்ஸ் இரண்டும் புதிதாகச் சேர்க்கிறவர்களுக்குச் சொல்லத்தக்கவை. ஆனால் 78 வேகம் இல்லை, உங்கள் பெட்டிக்கு ஆகாது. பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 எங்காவது கிடைத்தால் ஆசை வரும். அதிலும் 33, 45 மட்டும்தான்.

பணத்தை எந்திரத்திலேயே கொட்டிவிடாதீர்கள். 78 முள், கார்பன் பிரஷ், முள் அழுத்தம் பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு, பாலித்தீன் உள்ளுறைகள் இவற்றுக்கு முதலிலேயே ஒதுக்கிவிட்டு மீதியை எந்திரத்துக்கு வையுங்கள். புதியது எட்டவில்லை என்றால் ஒரு கை மாறிய எந்திரம் தவறில்லை. நேரில் போய் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள், முள்ளை மட்டும் புதிதாகப் போடுங்கள்.

பெல்ட் உயர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல பெல்ட் எந்திரமும் உண்டு, நல்ல நேரடி மோட்டாரும் உண்டு. அண்ணன் காட்டும் சூட்கேஸிலும் பெல்ட்தான் ஓடுகிறது. நம் கடலோரப் புழுக்கத்தில் ரப்பர் பெல்ட் சில வருடத்தில் தளரும் அல்லது பிசுபிசுக்கும். மாற்றுவது சுலபம், ஆனால் மாற்ற வேண்டும். 180 கிராம் சமாச்சாரமும் அப்படியே. கனமான தட்டு எளிதில் நெளியாது, கையில் பிடிக்க நன்றாக இருக்கும். பள்ளத்தின் ஆழம் ஒன்றுதான். பாட்டை எதிலிருந்து எடுத்தார்கள், எப்படி வெட்டினார்கள் என்பதுதான் ஒலி. 130 கிராம் பழைய தட்டு பல புது 180 கிராம் தட்டுகளை வெட்கப்பட வைக்கும்.

கையைச் சமன்படுத்துவது

பெட்டியைப் பிரித்ததும் பாட்டு கேட்கும் அவசரத்தில் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். பத்து நிமிட வேலை.

முதலில் மேசை மட்டமா என்று பாருங்கள், கைபேசியின் மட்டமானியே போதும். கை உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட் திருகை 0இல் வையுங்கள். முள்ளின் மூடியைக் கழற்றி, கையின் கொக்கியை விடுவித்து, தட்டுக்கும் தாங்கிக்கும் நடுவே நிறுத்துங்கள். ஒரு விரல் எப்போதும் அடியில் இருக்கட்டும். கை முன்னால் தொங்கினால் பின்னிருக்கும் எடையை வெளிப்பக்கமாகத் திருகுங்கள். முன்பக்கம் தூக்கினால் உள்பக்கமாக. தராசு முள்போல அது ஆடி ஆடி, யாரும் பிடிக்காமல் படுக்கையாக மிதக்கும் ஒரு கணம் வரும். கையைத் தாங்கியில் பூட்டுங்கள். இப்போது எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் முன்னாலுள்ள எண் வளையத்தை மட்டும் 0க்குக் கொண்டுவாருங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்தே உள்பக்கம் திருகி 2க்குக் கொண்டுபோங்கள். விஎம்95ஈ கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 கிராம், நடுவில் 2. தராசில் முள்ளை இறக்கிச் சரிபாருங்கள், வளையத்தின் எண்கள் கொஞ்சம் பொய் சொல்லும். கடைசியாக ஆன்டி-ஸ்கேட்டையும் 2இல் வையுங்கள்.

லேசாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று சிலர் 1.2இல் வைக்கிறார்கள். அது தவறு. அழுத்தம் போதாத முள் பள்ளத்தில் உட்காராமல் சுவருக்குச் சுவர் மோதித் துள்ளும். அந்த அடிதான் பள்ளத்தைச் சிதைக்கிறது. 2.2 கிராம் அப்படிச் செய்யாது. 78 முள்ளுக்கு மாறும்போது அதன் தாளில் சொன்ன கிராமுக்கு எடையை மாற்றுங்கள், திரும்பும்போது மறக்காமல் பழையபடி வையுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு எண்ணையும் எழுதி மூடிக்குள் ஒட்டிவிட்டால் வீட்டில் யார் தொட்டாலும் குழப்பம் வராது.

எல்பி வைர முள் அதன் வகையைப் பொறுத்து 300 முதல் 1,000 மணி நேரம் வரும், விஎம்95ஈ முள் 300 பக்கம். தினம் ஒரு எல்பி கேட்டால் வருடத்துக்குச் சுமார் 240 மணி. முதல் வருடம் முடியும்போது மாற்று முள் வாங்கி வையுங்கள்.

ஒயர்

அப்பாவின் ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 'ஃபோனோ' என்று ஒரு ஜோடி துவாரம் இருக்கிறதா பாருங்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது நான்கு மில்லிவோல்ட்தான். அதை நூறு மடங்கு பெருக்கி, தாழ்வான சுருதிகளை நிமிர்த்தி, உச்சத்தை அடக்கித் தரும் சின்னச் சுற்றுதான் பிரீஆம்ப். 'ஃபோனோ' துவாரம் இருந்தால் டர்ன்டேபிளின் பின்னாலுள்ள சுவிட்சும் ஃபோனோவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் சுவிட்சை 'லைன்' பக்கம் தள்ளி (டர்ன்டேபிளுக்குள் இருக்கும் பிரீஆம்ப் அப்போது வேலை செய்யும்) ஒயரை 'ஆக்ஸ்' துவாரத்தில் சொருகுங்கள். இரண்டு பிரீஆம்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் பாட்டு கிழிந்து கத்தும். ஒன்றுமே இல்லாவிட்டால் கொசு முனகல். டர்ன்டேபிளிலிருந்து மெல்லிய தரை ஒயர் ஒன்று தனியாக வந்தால் ஆம்ப்ளிஃபையரின் திருகில் மாட்டுங்கள், 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் அதோடு நிற்கும். ஆம்ப்ளிஃபையரில் 'மோனோ' பொத்தான் இருந்தால் 78 போடும்போது அமுக்குங்கள். சலசலப்பு கண்ணெதிரே குறையும். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில் வேண்டாம்.

டர்பன் வீட்டுக்கு

சாமி மாடத்தின் கீழே இருக்கும் ஷெல்ஃப் காலியாக இருந்தாலும் அங்கே வைக்காதீர்கள். விளக்கெண்ணெய்ப் புகையும் ஊதுபத்திச் சாம்பலும் பள்ளத்தில் படிந்தால் பசைபோல் ஒட்டும், புரட்டாசி மாதத்தில் கேட்கவே வேண்டாம். தட்டுகளை நூல் நிலையத்துப் புத்தகம்போல் நிமிர்த்தி நிறுத்துங்கள், படுக்கையாக அடுக்கினால் அடியிலிருப்பது நெளியும் அல்லது உடையும். நூறு எல்பி உறையோடு இருபது கிலோவைத் தாண்டும். மெல்லிய ஷெல்ஃப் தாங்காது. வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் அட்டையில் பூஞ்சை பூக்கும், ஒரு கைப்பிடி இடைவெளி விடுங்கள். டிசம்பரில் புதுத் தட்டைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போனால் திரும்பும்போது கிண்ணமாகியிருக்கும்.

லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கரண்ட் போய் வரும் கணம்தான் கருவிகளுக்கு ஆபத்து; சர்ஜ் பாதுகாப்புள்ள பலகையில் சொருகுங்கள். மலிவான இன்வெர்ட்டரின் கரடுமுரடான அலையில் ஏசி மோட்டார் உறுமும், அதில் ஓட்ட வேண்டாம்.

எல்பியைக் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. 78 தட்டில் அதைத் தொடவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், பாட்டோடு கரையும். வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெத்தென்ற துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்துங்கள். ஊற வைக்காதீர்கள், லேபிள் நனையக் கூடாது.

வாங்கும்போது உங்கள் உரிமை

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் அல்ல. மனம் மாறியது என்பது மட்டும் காரணமானால் கடையில் அந்த உரிமை கிடையாது. இணையத்தில் வாங்கினால், 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தர அனுமதிக்கிறது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. தட்டு விஷயத்தில் கவனம்: உறையின் சீலைப் பிரித்த ஒலித்தட்டுக்கு அந்த ஏழு நாள் பொருந்தாது. விளம்பரம் பார்த்து ஒரு தனிநபரிடம் வாங்குவது வேறு கதை. 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று சொல்லி விற்றால் உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். தெரிந்தே குறையை மறைத்தார் என்று நிரூபித்தால்தான் பிடிக்க முடியும். அதனால் ஒரு எல்பியைக் கையோடு கொண்டுபோய் முழுப் பக்கமும் ஓட்டிக் கேளுங்கள். பியானோ அல்லது வீணை நீளமாக ஒலிக்கும் இடத்தில் சுருதி அலைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

விரிசல் தட்டும் பிறந்தநாளும்

சூப்பர் குளூ வேண்டாம். அது விரிசலில் நிற்காது, பக்கத்துப் பள்ளங்களுக்குள் வழிந்து இறுகும். முள் அங்கே படியேறி இறங்கும். இரு பக்கமும் கெட்டியான அட்டை வைத்து, மற்ற தட்டுகளின் பாரம் படாமல் தனியே வையுங்கள். இரண்டு விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். விளிம்பில் நகம் இடறினால் போடாதீர்கள். இடறவில்லை என்றால் 78 முள்ளில் ஒரு தடவை ஓட்டலாம், சுற்றுக்கு ஒரு 'டக்' கேட்கும். அந்த ஒரு தடவையும் கணினி பதிவு செய்துகொண்டிருக்கட்டும். யூஎஸ்பி ஒயரைச் சொருகி, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் வேவ் கோப்பாக எடுங்கள். டக் சத்தங்களை அதிலேயே பிறகு நிதானமாக அழிக்கலாம்.

மற்ற 78களையும் விழாவுக்கு முன்பே இப்படிப் பதிந்துவிடுவது நல்லது. எண்பதாம் பிறந்தநாள் வீட்டில் சமையலும் பேரப்பிள்ளைகளுமாக இருக்கும்போது அரக்குத் தட்டைக் கைமாற்றிக்கொண்டிருக்க முடியாது. விருந்து நேரத்தில் பதிவு ஓடட்டும். எல்லோரும் அடங்கி உட்கார்ந்த பிறகு ஆயா கேட்கும் ஒரே ஒரு தட்டை நேரில் போடுங்கள். உள்ளூர்ப் பதிவு ஏதாவது கிடைத்திருந்தால் வெஸ்ட்வில்லில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தட்டைக் கொடுக்க வேண்டியதில்லை, பதிவின் பிரதி போதும்.

எந்தத் தட்டு என்று ஆயாவை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர் விரிசல் விட்டதைத்தான் காட்டுவார் என்று எனக்கு ஒரு சந்தேகம். காட்டினால், தட்டை அவர் மடியில் கொடுத்துவிட்டுப் பதிவை ஓட விடுங்கள்.